குறுகிய வளைவின் கணக்கு

கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்தில், விதுராவில், ஐஐஎஸ்இஆர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அங்கிருந்து ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்துக்கு ஒரு பெரிய கோப்பை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வழிநெடுக நொடிக்கு 10 கிகாபிட் வேகம். கேபிளின் நீளம் 10,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போவதற்கு 50 மில்லிநொடி. ‘கிடைத்தது’ என்ற பதில் வர இன்னொரு 50. இந்தப் பத்தில் ஒரு நொடியும் கேபிள் சும்மா கிடக்காமலிருக்க, 12.5 கோடி பைட் எந்நேரமும் வழியில் இருந்தாக வேண்டும்.

இந்தப் போக்குவரத்தை நடத்துவது டிசிபி என்னும் நெறிமுறை, அதாவது கணினிகள் தமக்குள் ஒப்புக்கொண்ட விதித்தொகுப்பு. 1981-இல் எழுதப்பட்ட வடிவில், பதில் வரும்வரை 64 கிலோபைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. அப்படியானால் நம் 10 கிகாபிட் பாதையில் கிடைப்பது வெறும் 5 மெகாபிட்! இந்தத் தடையை 1992-இல் நீக்கிவிட்டார்கள். அடுத்த தடை அவ்வளவு சுலபமாக நீங்கவில்லை.

1986-இல் கலிஃபோர்னியாவில், முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் தொலைவிலிருந்த இரண்டு இடங்களுக்கிடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. எல்லாக் கணினிகளும் முண்டியடித்ததே காரணம். ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் டிசிபியில் ஒரு விதியைச் சேர்த்தார்: ஒரு பொதி (தரவின் சிறு துண்டு) தொலைந்தால் வேகத்தைப் பாதியாக்கு, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் (பொதி போய்ப் பதில் வரும் நேரம்) ஒரு பொதி வீதம் கூட்டு. இணையம் பிழைத்தது. ஆனால் நம் ஜெனீவா பாதையில் ஒரே ஒரு பொதி தொலைந்தாலும் பழைய வேகத்துக்கு ஏற ஏறத்தாழ 70 நிமிடம் ஆகும். இந்தப் பாதையில் முழு வேகம் நிலைக்க 500 கோடிப் பொதிகளுக்கு ஒன்றுக்கு மேல் தொலையக்கூடாது என்று 2003-இல் ஆய்வாளர் சாலி ஃபிளாய்ட் கணக்குப்போட்டுக் காட்டினார்.

2016-இல் கூகுள் குழு ஒன்று பிபிஆர் என்ற புதிய முறையை வெளியிட்டது. அந்தக் குழுவிலும் ஜேக்கப்சன் இருந்தார். தன் விதியைத் தானே திருத்த முப்பதாண்டு காத்திருந்தார் போலும். இந்த முறையைப் புரிந்துகொள்ளப் பொன்முடிச் சாலையைப் பார்ப்போம்: அதில் 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து எத்தனை வண்டி கிளம்பினாலும், மிகக் குறுகிய வளைவு விடுகிற எண்ணிக்கைதான் உச்சிக்கு வரும். மிச்சம் வரிசையாக நிற்கும். பிபிஆரின் முதல் வடிவம் தொலைந்ததை எண்ணுவதில்லை. அந்த வளைவின் அளவையும், காலிச் சாலையில் ஆகும் நேரத்தையும் அளக்கிறது.

இதில் ஒரு சிக்கல். வளைவின் அளவு தெரியச் சாலை நிரம்ப வேண்டும். குறைந்த நேரம் தெரியச் சாலை காலியாக வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்காது. எனவே மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை 25 சதவீதம் கூடுதலாக அனுப்பிப் பார்ப்பார்கள். அடுத்த சுற்றில் அதே அளவு குறைத்து, சேர்ந்த வரிசையைக் கரைப்பார்கள். பத்து நொடிக்கொருமுறை, கால் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, வழியில் நான்கே பொதிகளை விட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அளப்பார்கள். அளவெடுப்பதற்காகும் செலவு மொத்த நேரத்தில் 2 சதவீதம்தான்.

முதல் வடிவம் பக்கத்தில் ஓடும் பழைய டிசிபியின் பங்கையும் விழுங்குவதாகப் புகார் எழுந்தது, நியாயமான புகார்தான். அதைச் சரிசெய்ய முயலும் மூன்றாம் வடிவம் 2023-இல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: இந்த மாற்றம் அனுப்பும் கணினியில் மட்டும் செய்தால் போதும். விதுராவில் பிபிஆர் ஓடுவது ஜெனீவாவுக்குத் தெரியவே வேண்டியதில்லை.