பத்து நாள் கணக்கு யாருக்குப் பொருந்தும்?

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வாசகர்களின் கடிதங்களும் நாயைச் சுற்றியே வருகின்றன. அதிகம் பேர் கேட்பது: “கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டால் போதாதா?”

போதாது. ஆனால் அந்தப் பத்து நாளுக்குப் பின்னால் கெட்டிக்கார யோசனை ஒன்று இருக்கிறது. வெறிநோய்க் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறது. அங்கே பெருகிய பிறகுதான் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. ஆகவே எச்சிலில் கிருமி உள்ள நாய்க்கு மூளை ஏற்கெனவே கெட்டிருக்கும். அது பத்து நாள் தாங்காது. பத்து நாள் கழித்தும் அது நன்றாகத் தின்று திரிந்தால், கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். ஆய்வகம் வேண்டாம், காலண்டர் போதும்.

இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். அதுவும் கண்ணெதிரே கட்டிவைக்க முடிந்தால். பேருந்து நிலையத்தில் கடித்துவிட்டு ஓடியதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? குரங்கு, நரிக்கு இது பொருந்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், 3, 7, 28ஆம் நாள்களில். பத்து நாள் முடிவதற்குள் மூன்று தவணை முடிந்துவிடும். நாய் பிழைத்திருந்தால் மிச்சமாவது கடைசித் தவணை மட்டுமே. அதை மிச்சம் பிடிக்க உயிரையா வைப்பது?

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் இதுதான். கையிலோ இடுப்பிலோ போட்டால் போதாது, காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவருக்கு நான்கு தவணை என்றால் நான்கு நாள் கூலி போச்சு. 28ஆம் நாள் வருவதற்குள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவோரும் உண்டு. சீட்டைக் கையில் வைத்திருந்தால் மீதியை எந்த அரசு மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளலாம். இதை மலைக்குப் போய்ச் சொல்வது யார் வேலை?

‘2030க்குள் ஒழிப்பு’ என்கிறது 2021இல் வந்த தேசியச் செயல்திட்டம். ஒழிப்பு என்றால் நாய்களிடம் நோயே இல்லை என்பதல்ல. நாயால் வரும் வெறிநோயில் மனித மரணம் பூஜ்ஜியம் என்பதுதான். 2024இல் நாடு முழுவதும் சந்தேக மரணம் 54 என்றது மத்திய அரசு. தமிழகச் சுகாதாரத் துறை சொன்ன கணக்கில் இங்கே மட்டும் 43. ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீடோ ஆண்டுக்கு 5,726. வீட்டுக்குக் கொண்டுபோய் இறந்தவர் எந்தப் பதிவேட்டில் ஏறுவார்? இப்படி எண்ணினால் பூஜ்ஜியத்தைத் தொடுவது கடினமில்லை.

மற்ற கேள்விகள்:

தொப்புளைச் சுற்றிப் போடுவார்களா? அந்த ஊசி ஒழிந்து இருபது ஆண்டாகிறது.

மஞ்சள், சுண்ணாம்பு? வேண்டாம், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.

தடுப்பூசி போட்ட வீட்டு நாய் கடித்தால்? நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிக்கு எப்போது? மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

எலி கடித்தால்? வெறிநோய்க்காக ஊசி பொதுவாகத் தேவையில்லை.

சென்னையில் கேட்கும் நாய் உரிமம் நமக்கும் உண்டா? அது சென்னை மாநகராட்சியின் உரிமம்; நம் ஊர் விதியை இங்குள்ள உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.