வரவு செலவுத் திட்டமின்றி இயங்கிய மாநிலம்: லுசேர்ன் நமக்குக் கற்பித்தது

அரசாங்கம் என்பது ஒருபோதும் நிற்காத இயந்திரம் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்திலும் வடக்கில் கச்சேரிகள் இயங்கின. தனது கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்கும் கொழும்பு அரசு ஆசிரியர்களினதும் எழுதுவினைஞர்களினதும் சம்பளத்தையும், இளைப்பாறியோரின் ஓய்வூதியத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது. குண்டுவீச்சு விமானமும் சம்பளப் பட்டியலும் ஒரே தலைநகரிலிருந்து வந்ததைக் கண்டவர்கள் நாம். ஆகவே, செல்வம் கொழிக்கும் நாடொன்றில் அரச ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள் என்று கேட்கும்போது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

அமெரிக்காவின் கதவடைப்பு

ஐக்கிய அமெரிக்காவில் இது நடைபெறுவது உண்டு. பாராளுமன்றம் அங்கீகரிக்காத பணத்தை அரசு செலவிடலாகாது என்பது அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் சட்டம். 2018 டிசெம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் நீடித்த முடக்கத்தில் ஏறத்தாழ 8 இலட்சம் ஊழியர் சம்பளமின்றித் தவித்தனர். இவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் சம்பளமின்றியே கடமையாற்றினர். 2025 ஒக்ரோபர் முதலாந் திகதி தொடங்கிய முடக்கம் 43 நாட்கள் நீடித்தது.

வீட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர் முதல்நாளில் சில மணிநேரம் அலுவலகத்துக்கு வருவார். கோப்புகளை ஒழுங்குபடுத்துவார், கடிதங்களுக்குத் தானியங்கிப் பதிலைப் பதிவுசெய்வார், அவசர அலுவல்களைக் கடமையில் இருப்பவரிடம் ஒப்படைப்பார், கதவைப் பூட்டிச் செல்வார். அதன்பின் அவர் விரும்பினாலும் இலவசமாக வேலை செய்யக்கூடாது. அலுவலகக் கடிதத்தைத் திறந்து பார்ப்பதும் தடுக்கப்பட்டதே. முடக்கம் முடிந்தபின் நிலுவைச் சம்பளம் வழங்கப்படவேண்டும் என்பதை 2019இல் இயற்றப்பட்ட சட்டம் உறுதிசெய்தது. ஆனால் அதே கட்டடங்களைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்த உறுதி இல்லை.

தஞ்சம் கோரியோருக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது. 2018-2019 முடக்கத்தின்போது தடுப்புக் காவலில் இல்லாதோரின் குடிவரவு வழக்குகள் பல்லாயிரக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டன. விசாரணைத் திகதிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்கள் மீண்டும் வரிசையின் இறுதிக்குச் சென்றனர். ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்தது. காத்திருந்தவருக்கு இழந்த காலம் கிடைக்கவில்லை.

சுவிசில் நடந்தது

"இது அமெரிக்கப் பித்து, சுவிசில் நடவாது" என்பர் நம்மிற் பலர். அவ்வாறான கதவடைப்பு இங்கு வழக்கமில்லை என்பது உண்மைதான். ஆயினும் அதன் நெருங்கிய உறவு இந்நாட்டின் நடுவே, லுசேர்ன் மாநிலத்தில் நிகழ்ந்தது. நம்மவர் குடும்பங்கள் வாழும் மாநிலம் அது.

2012இல் லுசேர்ன் மாநிலம் தொழில் நிறுவனங்களின் இலாப வரியைப் பாதியாகக் குறைத்தது. குறைந்த வரியை நாடி நிறுவனங்கள் வரும், காலப்போக்கில் வருமானமும் பெருகும் என்பது கணக்கு. பெருகுவதற்கு முன்னரே பற்றாக்குறை வந்துசேர்ந்தது. 2016 ஒக்ரோபரில் உயர்தரப் பாடசாலைகளுக்கும் தொழிற்கல்விப் பாடசாலைகளுக்கும் இலையுதிர்கால விடுமுறை ஒரு வாரத்தால் நீட்டப்பட்டது. ஏறத்தாழ 20,000 மாணவர் அந்த வாரம் வகுப்புக்குச் செல்லவில்லை. நோக்கம் சுமார் 40 இலட்சம் பிராங் மிச்சம் பிடிப்பது; மிச்சம் பிடிக்கும் இடம் ஆசிரியர் சம்பளம். மாணவர் மகிழ்ந்திருக்கலாம். பிள்ளையின் படிப்புக்காகவே இரவுபகலாக உணவகச் சமையலறையில் நிற்கும் பெற்றோருக்கு அது மகிழ்ச்சியான செய்தியல்ல.

அடுத்து வந்தது பெரிய நெருக்கடி. வரி அலகை 1.6இலிருந்து 1.7 ஆக உயர்த்த மாநில அரசு முனைந்தது. அதற்கு எதிராகச் சர்வஜன வாக்கெடுப்புக் கோரப்பட்டது. முடிவு தெரியும்வரை 2017ஆம் ஆண்டுக்குச் செல்லுபடியாகும் வரவு செலவுத் திட்டம் இல்லாமலே மாநிலம் புத்தாண்டைத் தொடங்கியது. 2017 மே 21 அன்று வாக்காளர் வரி உயர்வை நிராகரித்தனர். புதிய திட்டம் மாநில மன்றத்தில் நிறைவேறச் செப்டெம்பர் மாதமாயிற்று.

அலுவலகத்துக்குள்ளே

அந்த எட்டு மாதங்களும் லுசேர்னின் அலுவலகங்கள் பூட்டப்படவில்லை. பொலிசார் ரோந்து சென்றனர், ஆசிரியர் கற்பித்தனர், ஊழியர் சம்பளம் பெற்றனர். சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் ஏற்கெனவே கட்டுண்ட செலவுகளை நிறுத்த இயலாது. அமெரிக்க முறைக்கும் இந்நாட்டு முறைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

ஆனால் ஒரு கேள்வி எல்லா மேசைகளிலும் வந்தமர்ந்தது: "இச்செலவு தவிர்க்கவே முடியாததா?" தவிர்க்க முடியாததாயின் பணம் உண்டு, இல்லையேல் கோப்பு காத்திருக்கும். பெட்டியில் பணம் இல்லாமற் போகவில்லை. அதைச் செலவிடுவதற்கான அனுமதியே இல்லாதிருந்தது. ஒரு காரியத்தைச் செய்வதற்குரிய உத்தியோகத்தர், அதைச் செய்யலாமா என்று ஆராய்வதிலேயே தமது வேலைநேரத்தைச் செலவிட வேண்டியதாயிற்று.

சுமை யார் தலையில்?

அரச ஊழியரின் சம்பளத்தைச் சட்டம் காத்தது. காக்கப்படாதவர் யார்? கிராங்கன்காசே கட்டணத்துக்கு மாநிலம் வழங்கும் கழிவை எதிர்பார்த்திருந்த குடும்பங்களே. நம் வீடுகளில் 'பிரேமியன்பெர்பிலிகுங்' என்று எல்லோரும் அறிந்த உதவி அது.

2017 இலையுதிர்காலத்தில் மாநில அரசு இவ்வுதவிக்கான வருமான எல்லையை 54,000 பிராங்காக இறக்கியது. அதையும் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியாகும்படி செய்தது. எல்லைக்கு மேற்பட்ட குடும்பங்கள் பிள்ளைகளுக்கான கழிவை இழந்தன. ஏற்கெனவே பெற்ற பணத்தைத் திருப்பிச் செலுத்தவேண்டிய நிலையும் பலருக்கு ஏற்பட்டது. பெப்ரவரியில் கிடைத்து, மார்ச்சில் செலவாகிவிட்ட பணத்தை மார்கழியில் எங்கிருந்து எடுப்பது? பாதிக்கப்பட்ட சில குடும்பங்கள் இதனை ஏற்காது நீதிமன்றம் சென்றன.

2019 ஜனவரியில் சமஷ்டி உச்ச நீதிமன்றம் அக்குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் குறைந்தது பாதியைக் கழிக்கவேண்டும் என்பது அப்போது நடைமுறையிலிருந்த சமஷ்டிச் சட்டம். 54,000 பிராங் எல்லை நடுத்தரக் குடும்பங்களை வெளியே தள்ளிவிட்டது என நீதிபதிகள் கண்டனர். நீதிமன்றத்தின் சமூகக் காப்புறுதிப் பிரிவு அந்நாளில் லுசேர்ன் நகரிலேயே அமர்ந்திருந்தது. மாநிலம் தன் வாசலிலேயே தோற்றது. சமஷ்டிச் சட்டமும் திருத்தப்பட்டு, பிள்ளைகளுக்கான கழிவு குறைந்தது 80 வீதமாக உயர்த்தப்பட்டது.

நாம் கொள்ளவேண்டியது

2022 யூனில் இலங்கை அரசு எரிபொருளும் உணவும் அற்ற நிலையில், அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கி வீட்டுத்தோட்டம் செய்யுமாறு கூறியது. 2023 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையும் பணமுடையால் ஜெனீவாவிலுள்ள தனது மாளிகையைச் சில வாரங்கள் மூடியது; நாம் ஆண்டுதோறும் நீதி கேட்டு நிற்கும் திடலுக்கு எதிரே உள்ள அதே மாளிகை. பணமுடை எல்லா வகை ஆட்சிக்கும் வருவதே. அது வரும்போது யாருடைய பணம் முதலில் நிறுத்தப்படுகின்றது என்பதில்தான் ஆட்சிகளின் குணம் தெரிகின்றது.

வாக்குரிமை இல்லாதவருக்கு லுசேர்ன் வாக்கெடுப்பில் இடம் இருக்கவில்லை. நீதிமன்றத்தின் கதவோ வாக்காளர் அட்டை கேட்பதில்லை. மாநிலத்திலிருந்து வரும் முடிவுக் கடிதத்தின் இறுதிப் பந்தியில், எங்கே, எத்தனை நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். மொழி விளங்கவில்லை என்று அக்கடிதத்தை மேசை இலாச்சியில் வைத்துவிடுவது நம் வீடுகளிற் பலகாலப் பழக்கம். பிள்ளைகள் நன்றாக டொச் வாசிப்பார்கள். அவர்களைக் கொண்டு அந்த இறுதிப் பந்தியை முதலில் வாசிப்பியுங்கள். திகதி தவறினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை.

இந்நாட்டில் குடியுரிமை பெற்ற நம் இளைய தலைமுறைக்கு இன்னொரு கடமையும் உண்டு. வரி அலகு ஒரு தசமத்தால் உயர்வதா என்ற வாக்குச்சீட்டு, அண்டை வீட்டுப் பிள்ளையின் மருத்துவக் கட்டணத்தையும் சேர்த்தே தீர்மானிக்கின்றது. அதனை நிரப்பாமற் குப்பையில் இடுவது நமக்குத் தகாது.