உப்புக்குள் ஒளிந்திருந்த சிவப்பு

உப்பிட்ட நாரத்தங்காயும் கருவாடும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கக் காரணம் எளியது. கிருமியின் உடலிலுள்ள தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடும், கிருமி வற்றிப்போகும். அதே உப்பு குறைந்தால் வளரவே முடியாத பாக்டீரியா ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் சாலினிபாக்டர் ரூபர்.

ஸ்பெயினில் அலிகாந்தே நகருக்கு அருகே சாந்தா போலா என்ற ஊரில் உப்பளங்கள் உள்ளன. கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் காயவிடுவார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு படியும் வேளையில் நீர் சிவந்துவிடும். தூத்துக்குடி உப்பளக்காரர்களுக்கும் பழகிய நிறம்தான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும் உப்பு, அந்தக் கடைசிப் பாத்தியில் 300 கிராமைத் தாண்டும். அத்தனை உப்பில் ஆர்க்கியா எனப்படும் தொல்நுண்ணுயிர்கள்தான் செழிக்கும், பாக்டீரியா தலைகாட்ட முடியாது என்றே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

அலிகாந்தே பல்கலைக்கழகத்தின் ஹோசெஃபா அந்தோனும் அவரோடு உழைத்தவர்களும் அந்த நீரை எடுத்து, பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. மூலக்கூறில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்தார்கள். நுண்ணோக்கியில் குச்சி குச்சியாகச் செல்கள் மின்னின. அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்ல. சில பாத்திகளில் நுண்ணுயிர்க் கூட்டத்தில் கால் பங்கு வரை! 2002இல் அதைச் சாலினிபாக்டர் ரூபர் என்ற புதிய இனமாக அறிவித்தார்கள்.

இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படாமல் போனது? அண்டைவீட்டு ஆர்க்கியாவைப் போலவே அதுவும் சிவப்பு. ஆய்வகத் தட்டில் வளர்த்தால் இரண்டும் சிவப்புப் புள்ளிகளாகவே முளைக்கும். பிழைக்கும் வழியும் ஒன்றே. உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உப்பை வெளியே தள்ளிவிட்டு, வேறு கரிமப் பொருள்களை உள்ளே சேர்த்துச் சமாளிக்கும். சாலினிபாக்டரோ பொட்டாசியம் குளோரைடைச் செல்லுக்குள்ளேயே நிரப்பிக்கொள்கிறது. அதன் புரதங்களும் அந்த உப்புக்கென்றே வார்த்தவை. 2005இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சில மரபணுக்கள் ஆர்க்கியாவிடமிருந்தே வந்து சேர்ந்தவை என்பதும் தெரிந்தது. உயிர்மரத்தில் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரு கிளைகளை உப்பு ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதைவிட வியப்பான செய்தி இந்த நுண்ணுயிரிடம் இல்லை.

ஆனாலும் அதற்கென்று ஒரு தனித்திறமை உண்டு. சாலினிசாந்தின் என்ற நிறமி ஆன்டெனாவைப் போல வெயிலைப் பிடித்துப் பக்கத்திலிருக்கும் ரெட்டினல் மூலக்கூறுக்குக் கொடுக்கிறது. அந்த ஒளியைக் கொண்டு செல் தனக்கு வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கைத் தயாரிக்கிறது. ரெட்டினல், நம் விழித்திரையும் ஒளியை உணரப் பயன்படுத்தும் அதே மூலக்கூறு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மிடில் தீவில், நீலக்கடலை ஒட்டி இளஞ்சிவப்பாகக் கிடந்த ஹில்லியர் ஏரியிலும் இந்த பாக்டீரியா அகப்பட்டது. 15 விழுக்காட்டுக்குக் கீழே உப்பு இறங்கினால் இது வளராது. கடல்நீரே இதற்கு ‘நல்ல தண்ணீர்’தான். 2022இல் பெய்த பெருமழை ஹில்லியரின் உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்தது. ஏரியின் நிறமும் வெளுத்துப்போனது.