கொல்லை வகுக்கும் முறை

வயலைச் சமன் செய்வதில் தஞ்சை உழவரின் திறம் நாடறிந்தது. எம்மூலையிலும் நீர் ஒரே ஆழத்தில் நிற்குமாறு பரம்படிப்பதில் அவர்க்கு நிகர் அவரே. ஆயின் வீட்டுக் கொல்லை என்று வரும்பொழுது, கிடைத்த கன்றைக் கிடைத்த இடத்தில் நட்டுவிடுவதே நம்மவர் வழக்கமாயிற்று. நடுமுன் கொல்லையை வகுத்துக்கொள்ளும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதற்கண் அறியவேண்டுவது நீரின் போக்கு. காவிரிப் படுகையின் களிமண் நீரை விரைவில் உள்வாங்காது. வாங்கியதை விரைவில் விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த மூலைகளில் நீர் பல நாள் தேங்கும். நெற்பயிர் தன் உடலினுள் அமைந்த காற்றறைகளின் வழியே வேருக்குக் காற்றைச் செலுத்த வல்லது. ஆதலின் நீரில் நின்றும் வாழும். முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் அவ்வமைப்பு இன்மையால் வேர் அழுகும். ஆகவே இவற்றை மேட்டிலும், சேம்பைத் தாழ்விலும், வாழையைக் கிணற்றடி நீர் வழிந்தோடும் வாய்க்காலோரத்திலும் வைத்தல் தகும்.

இரண்டாவது நிழல். தஞ்சை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. மார்கழி நண்பகலில் சூரியன் தென்புறம் சாய்ந்து நிற்றலால், 30 அடி மரத்தின் நிழல் வடக்கே ஏறக்குறைய 20 அடி நீளும். ஆனி நண்பகலிலோ அந்நிழல் தெற்கே 7 அடிக்குள் அடங்கும். எனவே நெடுமரங்கள் வடக்கிலும், கத்தரி, வெண்டை, கீரைப் பாத்திகள் தெற்கிலும் இருப்பின் ஆண்டு முழுதும் பாத்திகள் வெயில் பெறும்.

மூன்றாவது தொலைவு. தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும். வீட்டிற்கும் அதற்கும் உள்ள தொலைவோ அதனினும் கருதத்தக்கது. எம் பாட்டனார் அடுக்களைச் சுவருக்கு 8 அடியில் ஒரு நெட்டைத் தென்னையை வைத்திருந்தார். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னைகள் சாய்ந்தன. எம் தென்னையும் அடுக்களை ஓட்டின்மேல் வீழ்ந்தது. உயிர்க்குச் சேதமில்லை, ஆயினும் தம் கையால் நட்ட மரத்தை வெட்டி அகற்றும்வரை பாட்டனார் கொல்லைப்பக்கம் வரவேயில்லை. சிறு கொல்லைக்கு நெட்டைத் தென்னை தகுமா என்பதையே முதலில் வினவவேண்டும் என்று யாம் கற்றது அன்றுதான்.

இம்மூன்றையும் அறியப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு மழைக்காலத்தில் நீர் தேங்குமிடங்களையும், ஒரு மார்கழியில் நிழலின் எல்லையையும் முளையடித்துக் குறித்துக்கொள்ளலாம். பின்னர்க் கட்டமிட்ட தாளில் ஒரு கட்டம் ஓரடியாகக் கொண்டு கிணறு, சுவர், வழி ஆகியவற்றை முதலில் வரைந்து, எஞ்சிய இடத்தில், கன்றின் அளவால் அன்றி முதிர்ந்த மரத்தின் அளவால், வட்டமிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மறுவருடம் எம் தந்தையார் கயிறு கொண்டு கொல்லையை அளந்தபொழுது, அதன் மறுமுனையைப் பிடித்து நின்றவர் பாட்டனாரே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களும் ஒரு நண்பகலில் தத்தம் கொல்லையில் நிழலின் நுனியைக் குறித்து வருவாராக.