காந்தம் திரும்பியது, நாதம் பிறந்தது!

எலெக்ட்ரிக் கிதாருக்குள் இருக்கும் காந்தம் தவறுதலாகத் திரும்பிக்கொண்டால் என்ன ஆகும்? வாத்தியம் கெட்டுவிட்டது என்று ரிப்பேர்க்காரர் கழற்றிச் சரி செய்துவிடுவார். ஆனால் லண்டன் இளைஞர் ஒருவரின் கிதாரில் அப்படித் திரும்பிய காந்தத்தை எவரும் சரி செய்யவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும், அந்தப் பிசகைக் காசு கொடுத்து வாங்க உலகமெங்கும் கிதார்க்காரர்கள் தயாராக இருக்கிறார்கள்!

அந்த இளைஞர் பீட்டர் கிரீன். 1946-ல் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் பிறந்தவர். 1966-ல் ஜான் மேயாலின் 'புளூஸ்பிரேக்கர்ஸ்' கோஷ்டியை விட்டு எரிக் கிளாப்டன் விலகினார். கிளாப்டனின் புகழ் அப்போது கொடிகட்டிப் பறந்த சமயம். அவர் நின்ற இடத்தில் போய் நிற்பதென்றால் சாமான்யமா? கிரீன் நின்றார், ரசிகர்களைத் தம் பக்கம் திருப்பவும் செய்தார். மறு வருஷமே சொந்தக் கோஷ்டி ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிதார் வாசிக்க வரவேண்டும் என்று அவர் விரும்பிய ஜான் மக்வீ, இருவர் பெயரையும் ஒட்டி 'ஃப்ளீட்வுட் மாக்' என்று வைத்தார். பின்னால் சந்தானா 1970-ல் வாசித்து உலகப் புகழாக்கிய 'பிளாக் மாஜிக் வுமன்' பாட்டை 1968-ல் எழுதி வெளியிட்டவர் இவர்தான். புளூஸ் சங்கீதத்தின் பிதாமகர்களில் ஒருவரான பி.பி. கிங்கே, கேட்டமாத்திரத்தில் தமக்குக் குளிர்வியர்வை வரவழைத்தவர் கிரீன் ஒருவர்தான் என்று சொல்லியிருக்கிறார்.

இவர் கையிலிருந்தது 1959-ஆம் வருஷத்து கிப்ஸன் லெஸ் பால் கிதார். அதில் இரண்டு பிக்கப்புகள். ஒன்று கழுத்துப் பக்கம். மற்றொன்று தந்திகள் முடியும் குதிரைப் பக்கம். தனித்தனியே வாசித்தால் மற்ற லெஸ் பால் கிதார்களைப் போலவே கனத்த, இனிய நாதம். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் நடுநிலைக்கு சுவிட்சைத் தள்ளினால்தான் அதிசயம்! கனம் மறைந்து, மூக்கால் பாடுவதுபோல, காலிக் குடத்துக்குள்ளிருந்து யாரோ அழைப்பதுபோல ஒரு குரல் கேட்கும். எதிலும் சேராத இந்தக் குரல்தான் இன்று 'கிரீன் நாதம்' என்று பெயர் பெற்றுவிட்டது.

பிக்கப் என்ன செய்கிறது?

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதன் வேலைக்கு உதவும் கம்பிச்சுருளும்தான். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்பிளிஃபையர் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒற்றைச் சுருளில் ஒரு தொல்லை உண்டு. அக்கம்பக்கத்து விளக்கு, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் அது வாங்கிவிடும். கிப்ஸன் கம்பெனியின் எஞ்சினீயர் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒரே காந்தத்தின் இரு துருவங்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. தந்தியின் ஓசை மட்டும் இரட்டித்து நின்றது. இதுவே 'ஹம்பக்கர்'. 1955-ல் உரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல்தான் கிடைத்தது. இடைக்காலத்தில் 'உரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று அடியில் ஒரு சிறு சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய பிக்கப்புக்கு இன்று ஒரு நல்ல கிதாரின் விலை!

கிரீன் கிதாரின் கழுத்துப் பக்கத்து ஹம்பக்கரில், அடியிலிருக்கும் கட்டைக் காந்தம் மாறி அமர்ந்திருந்தது. வடதுருவம் இருக்கவேண்டிய பக்கம் தென்துருவம். தனியே வாசிக்கையில் காதுக்கு வித்தியாசமே தெரியாது, இரைச்சலும் கூடாது. சேர்த்து வாசிக்கும்போதுதான் சங்கதி வெளியாகிறது. ஊஞ்சலை முன்னும் பின்னுமாக இரண்டு பேர் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே சமயத்தில் எதிரெதிராகத் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும் அல்லவா? தந்தியின் மூல ஸ்வரம் இரு பிக்கப்புகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால், அது பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. கூடவே பிறக்கும் மேல் ஸ்வரங்கள் இடத்துக்கு இடம் மாறுகிறவை. அவை தப்பிப் பிழைக்கின்றன. அந்த மிச்சம்தான் நாம் கேட்கும் மூக்குக் குரல். தம்பூராவில் ஜீவாளி நூல் மயிரிழை நகர்ந்தால் நாதமே மாறுவதை அறிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாகத் தோன்றாது.

எதை வாங்குவது?

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். கிரீன் நாதம் வேண்டுமென்றதும் பழைய சீட்டு ஒட்டிய பிக்கப்பைத் தேடுகிறார்கள். அல்லது 'சக்தி அதிகம்' என்று விளம்பரம் செய்யும் பிக்கப்பை வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் அவசியமில்லை. இரண்டாவது, வேண்டாத செலவு மட்டுமல்ல, காரியத்தையே கெடுப்பது. சுற்று அதிகமானால் சத்தம் பெருகும். கீச்சுக் குரலான மேல் ஸ்வரங்கள் மங்கும். நமக்கு வேண்டியது அந்த மேல் ஸ்வரங்கள்தானே! 1950-களின் மாதிரியில், தலைமயிரைப் போன்ற 42-ஆம் நம்பர் கம்பியை மிதமாகச் சுற்றிய ஹம்பக்கரே போதும். கடைக்காரரிடம் மின்தடை எவ்வளவு என்று கேளுங்கள். ஏழரையிலிருந்து எட்டரை கிலோ ஓம் வரை இருந்தால் சரி. பதினான்கு, பதினாறு என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காந்தம் 'அல்நிக்கோ' வகையாக இருக்கட்டும். இரண்டாம் நம்பர் மிருதுவானது. ஐந்தாம் நம்பர் சற்று எடுப்பானது. குதிரைப் பக்கத்துப் பிக்கப் கழுத்துப் பக்கத்தைவிட ஒரு பிடி பலமாக இருப்பது நல்லது.

காந்தத்தைத் திருப்பியே விற்கும் ஜோடிகளும் வந்துவிட்டன. கிப்ஸன் கம்பெனியே அந்தக் கிதாரைப் பார்த்து 2023-ல் புதிய கிதார்கள் செய்து வெளியிட்டது. வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டில் நல்ல ஹம்பக்கர் ஜோடி ஏற்கெனவே இருந்தால், செலவு செய்யுமுன் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துப் பாருங்கள் என்பதே நமது யோசனை.

கழுத்துப் பக்கத்து ஹம்பக்கருக்கு உலோக மூடி இருந்தால் முதலில் அதைக் கழற்றவேண்டும். பிறகு அடித்தகட்டிலுள்ள நான்கு திருகுகளைத் தளர்த்தினால் சுருள்களுக்குக் கீழே கட்டைக் காந்தம் தெரியும். அதன் ஒரு நீள விளிம்பில் பேனாவால் குறியிட்டு, மெல்ல வெளியே தள்ளி, குறியிட்ட விளிம்பு எதிர்ச் சுருளின் பக்கம் வரும்படி நுழைத்து, திருகுகளை இறுக்கிவிடுங்கள். அவ்வளவுதான்! சுருள் கம்பியில் நகம் பட்டாலும் அறுந்துவிடும், அவசரம் கூடாது.

சிலர் காந்தத்தை விட்டுவிட்டு, வெளியே வரும் இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றவைப்பார்கள். பழைய மாதிரிப் பின்னல் கம்பியில் இது தப்பு. பிக்கப்பின் உலோக மூடி பின்னலோடு சேர்ந்திருப்பதால், விரல் மூடியில் பட்டதும் 'கொர்' என்று இரையும். நான்கு கம்பிகளும் தனி மண் கம்பியும் உள்ள புது மாதிரியானால் மாற்றலாம். மண் கம்பியை மட்டும் அதன் இடத்திலேயே விடவேண்டும்.

இன்னொரு வேடிக்கை. கிரீன் கிதாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் முழுவதுமே திரும்பி, திருகு வரிசை குதிரையைப் பார்த்து இருந்தது. படத்தில் இதைப் பார்த்துவிட்டு, தங்கள் பிக்கப்பையும் அப்படியே திருப்பி மாட்டி ஏமாந்தவர்கள் அநேகம். அதற்கும் மூக்குக் குரலுக்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருக்கும் காந்தம் திரும்பவேண்டும்!

மூன்று கைகள்

கிரீனின் வாழ்வு கிதாரைப்போல் இனிமையாகச் செல்லவில்லை. 1970 மே மாதம், புகழின் உச்சியில், ஃப்ளீட்வுட் மாக்கை விட்டு விலகினார். மனநோய் பற்றியது, ஆஸ்பத்திரி வாசம் நேர்ந்தது. பணத்தின் மேலும் புகழின் மேலும் அவருக்கு வெறுப்பு ஏற்பட்டிருந்தது. கிதாரை பெல்ஃபாஸ்ட் நகரத்து இளைஞர் காரி மூரிடம் கொடுத்தார். விலை பேசவில்லை, உன் கிதாரை விற்றால் என்ன கிடைக்குமோ அதைக் கொடு, போதும் என்றாராம். மூரே பின்னாளில் சொன்னது இது. மூர் அதை முப்பது வருஷங்களுக்கு மேல் வைத்திருந்தார். 1995-ல் பெரும்பாலும் கிரீனின் பாட்டுகளைக் கொண்டு ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். 2006-ல் அவர் விற்றபின் கைமாறிய கிதார், 2014-ல் 'மெட்டாலிகா' கோஷ்டியின் கர்க் ஹாமெட்டிடம் வந்து சேர்ந்தது. கிரீன் 1990-களில் மறுபடி மேடையேறி வாசித்தார். 2020 ஜூலை 25-ல் காலமானார்.

ஒரே கிதார், அதே காந்தம். ஆனால் மூர் வாசித்தால் இடி முழக்கம். ஹாமெட் வாசித்தால் இரும்பாலை. கிரீன் வாசித்தால் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ஒரு பெருமூச்சு விடும் அளவு இடைவெளி! அவர் வேகமாக வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டதே அதிகம். பிக்கப் மாற்றிய பிறகும் 'வரவில்லையே' என்று கைபிசைகிறவர்கள், கொஞ்ச நாள் பாதி ஸ்வரங்களைக் குறைத்து வாசித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக, வால்யூம் திருகுகள். இரண்டையும் பத்தில் வைத்தால் நாதம் மிக மெலிந்து தகரம்போல் ஒலிக்கும். கழுத்துப் பக்கத்தை ஏழுக்கோ எட்டுக்கோ இறக்குங்கள். கனம் மெல்லத் திரும்பி வரும், மூக்குக் குரலும் நிற்கும். ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடாதீர்கள். லெஸ் பால் கிதாரின் வழக்கமான இணைப்பில் ஒன்று பூஜ்யமானால் நடுநிலையில் இரண்டுமே ஊமையாகிவிடும். பிக்கப்புக்கு ஒன்றாக இரண்டு திருகுகள் இல்லாமல், மொத்தத்துக்கும் ஒரே திருகு உள்ள கிதார்களில் இந்தக் கலவைக்கு இடமில்லை. வாங்குமுன் இதைக் கவனிக்கவேண்டும். ஆம்பிளிஃபையரில் எதிரொலியைக் கொஞ்சம் கூட்டி, முறுக்கத்தைக் குறைத்து வையுங்கள்.

ஒரு மாதம் வாசித்துப் பார்த்தும் பிடிக்கவில்லையா? திருகுகளைத் தளர்த்தி, பேனாக் குறி பழைய பக்கம் வரும்படி காந்தத்தைத் திருப்பி வைத்துவிட்டால், கிதார் முன்போலவே ஆகிவிடும்.