வேருக்குள் தண்ணீர் வைத்திருக்கும் மரம்

வடகிழக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்களுக்கு நினைவு வருவது எங்கள் தாயகம். ஆனால் பிறேசில் நாட்டிலும் ஒரு வடகிழக்கு இருக்கிறது. நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் அந்தப் பகுதியாரும் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் நாட்டின் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'நோர்டெஸ்ற்றீனோ', அதாவது வடகிழக்கார் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய மண்ணில் வளரும் ஒரு பழமரத்தைப் பற்றியும், விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்த விதத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

அந்த வடகிழக்கின் உட்பகுதி வரண்ட பூமி. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அங்கே பல இடங்களில் 400 முதல் 800 மில்லிமீற்றர் வரைதான். அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். கோடையில் காட்டு மரங்கள் இலையெல்லாம் கொட்டி, அடிமரங்கள் வெளுத்து நிற்கும். ஆதிக்குடிகளின் துப்பி மொழியில் அந்தக் காட்டுக்குக் 'காற்றிங்கா' என்று பெயர். வெள்ளைக்காடு என்பது அதன் பொருள்.

1877 முதல் 1879 வரை அங்கே பெரும் வரட்சி வந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தப்பியவர்களில் பலர் அமேசன் காட்டுக்கு றப்பர்ப் பால் எடுக்கப் போனார்கள். பின்னாளில் வந்தவர்கள் லொறிகளில் ஏறிச் சாவோ பவுலோ நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1952இல் ஏழு வயதில் தாயோடும் சகோதரர்களோடும் அப்படி லொறியில் போன ஒரு சிறுவன், பின்னர் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்து, 2003இல் நாட்டின் ஜனாதிபதியானார். அவர்தான் லூலா.

இப்படி மனிதர் பெயர்ந்துபோன மண்ணில் பெயராமல் நிற்பது உம்பு மரம். குடிக்கத் தரும் மரம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். மாமரம், மரமுந்திரிகை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. எங்கள் ஊர் அம்பரெல்லாவுக்கு இன்னும் நெருங்கிய உறவு. ஆறேழு மீற்றர்தான் உயரும். ஆனால் குடை விரித்ததுபோல அகன்று நிழல் தரும். நூறு வருடத்துக்கு மேலும் வாழும். பழம் சிறியது, புளிப்பும் இனிப்பும் கலந்தது. பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிக் குடிப்பார்கள். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஒரு பருவத்தில் 300 கிலோ வரை பழம் தரும்.

வரட்சியில் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இரகசியம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. அதன் வேர்களில் பெரிய கிழங்குகள் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீரையும் மாச்சத்தையும் அவற்றில் சேமித்துக்கொள்ளும். கோடை முடிவில், மழை வருமுன்னரே அந்தச் சேமிப்பிலிருந்து பூத்துவிடும்.

அப்படியானால் இந்த மரத்துக்கு என்ன குறை? பிறேசில் அரசின் விவசாய ஆராய்ச்சி நிறுவனமான எம்பிறாப்பா, வரண்ட பகுதிக்கென்று 1975இல் பெற்றோலினா நகரில் ஒரு நிலையத்தை அமைத்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டில் மரங்களை எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. பெரிய மரங்கள் நிற்கின்றன. இளங்கன்றுகளோ மிகக் குறைவு. பிறேசிலின் வெள்ளாடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வடகிழக்கிலேயே இருக்கின்றன. முளைத்து வரும் கன்றை ஆடு கடித்துவிடுகிறது. காடு வெட்டுவதும் தீ வைப்பதும் மிச்சத்தை அழிக்கின்றன. வரட்சி கொல்லாத மரம், வாரிசு இல்லாமல் அழியப் பார்க்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழிகள் எங்கள் ஊர்த் தோட்டக்காரருக்கும் விளங்கக்கூடியவை. உம்புக் கொட்டையின் ஓடு கெட்டியானது. சும்மா புதைத்தால் சில முளைக்கும், பல முளைக்காது. கொட்டையின் அகன்ற முனையை வெட்டித் திறந்துவிட்டால் முளைப்பு கூடுகிறது. அடுத்தது ஒட்டுமுறை. விதையிலிருந்து வரும் மரம் காய்க்கப் பத்து வருடமளவில் செல்லும். ஒட்டுக்கன்று நாலைந்து வருடத்தில் காய்க்கும். சாதாரணப் பழம் 20 கிராம் அளவு. நூறு கிராமுக்கு மேற்பட்ட பழம் தரும் மரங்களையும் காட்டில் தேடிப்பிடித்து, அவற்றின் கிளைகளை ஒட்டிப் பெருக்கினார்கள். கன்று தலையெடுக்கும்வரை ஆடு அணுகாமல் வேலி போடச் சொன்னார்கள்.

பழத்துக்கு விலை கிடைத்தால்தான் சனங்கள் மரத்தைக் காப்பார்கள். உவாவுவா, கனூடோஸ், குறாசா என்ற மூன்று ஊர்களின் சிறு விவசாயிகள் 2004இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதில் பெண்களின் உழைப்பே பெரும்பங்கு. உம்புப் பழத்தில் ஜாமும் இனிப்பும் செய்து ஐரோப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

எங்களுடைய வடகிழக்கிலும் இப்படிப்பட்ட மரம் உண்டு. வன்னிக் காட்டுப் பாலையை யார் மறப்பார்? வைகாசி, ஆனியில் பழம் பொறுக்கி, உதடு ஒட்ட ஒட்டத் தின்றவர்கள்தானே நாங்கள். வைரமான மரம் என்பதால் அது வெட்டவும் படுகிறது. இந்தியாவில் பாலைக் கன்றில்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். வரட்சியைத் தாங்கும் அதன் வேருக்கு அவ்வளவு மதிப்பு.

எங்களில் பலர் இடப்பெயர்வால் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆராய்ச்சி செய்யும் காலம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் நூல்நிலையமும் பல்கலைக்கழகமும் திறந்திருக்கின்றன. ஆனால் வீட்டில் நாங்கள் சொல்வது டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு சொற்கள்தான். ஒரு பிள்ளை 'நான் மரங்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன்' என்று சொன்னால் சிரித்துத் தட்டிவிட வேண்டாம். பெற்றோலினாவில் கொட்டையை வெட்டி முளைக்க வைத்தவர்களும் அந்தப் படிப்பைப் படித்தவர்கள்தான். பாலைப்பழத்தின் ருசியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதன் வேரைப் பற்றிக் கேள்வி கேட்பது அவர்களுடைய வேலையாக இருக்கட்டும்.