இம்போர்ட் என்று எழுதினால் எந்தக் கோப்பு ஓடுகிறது?

குச்சவெளியிலும் நிலாவெளியிலும் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகள் பைத்தன் மொழியில்தான் நிரல் எழுதப் பழகுகிறார்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை ஆய்வுகூடம், அதுவும் பூட்டிக் கிடந்தால் டியூட்டரியில் மாறி மாறி இருக்கும் ஒரு மேசை. ஒரே கணினியில் ஒரே கணக்கைப் பலரும் பாவிக்கும் இடங்களில் பைத்தனின் குணம் ஒன்றைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது தெரிந்த ஒருவர், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்காமலே தன் நிரலை உங்கள் கையால் ஓட்டுவித்துவிடலாம்.

'இம்போர்ட் ராண்டம்' என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். ராண்டம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்வதில்லை. பைத்தன் தன்னிடமுள்ள கோப்புறைப் பட்டியலை எடுத்து, முதலாவதிலிருந்து வரிசையாகத் தேடும். அந்தப் பெயரில் முதலில் எது அகப்படுகிறதோ அதையே ஓட்டும். அது அசலா என்று பார்க்காது. சிஸ்.பாத் என்பது அந்தப் பட்டியலின் பெயர். அதன் தலையில் நிற்பது நீங்கள் ஓட்டும் நிரல் கிடக்கும் கோப்புறை. அடுத்து, பைத்தன்பாத் என்ற சூழல் மாறியில் யாராவது எழுதிவைத்த இடங்கள். பைத்தனோடு வந்த நூலகம் அதற்குப் பிறகுதான். பிப் என்ற பொதி நிறுவும் கருவி கொண்டு நிறுவியவை கடைசியில்.

எழுமாறு எண்களைப் பழகிய மாணவி தன் பயிற்சியை 'ராண்டம்.பை' என்றே சேமித்துவிட்டுப் போகிறாள். பின்னேர வகுப்புக்கு வந்தவனின் நிரல் அதே கோப்புறையில் இருக்கிறது. நேற்றுவரை ஓடியது இன்று பிழை காட்டுகிறது. ராண்டம் என்று கூப்பிட்டதும் நூலகத்திலுள்ளதற்கு முன் அவள் எழுதியது வந்து நின்றுவிட்டது. பைத்தன் 3.13 பதிப்பு, இப்படிப் பெயர் மோதினால் கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கும்படி பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. பழைய பதிப்புகள் அதைச் சொல்வதில்லை. பிள்ளை தன் நிரலில் இல்லாத பிழையைத் தேடி அழுதுகொண்டிருக்கும்.

வேண்டுமென்றே செய்தால் கதை வேறு. டவுன்லோட்ஸ் கோப்புறையில் என்னென்ன கிடக்கிறது என்று நம்மில் பலர் பார்ப்பதேயில்லை. சில உலாவிகளில் ஒரு வலைத்தளம் நம் சம்மதம் கேட்காமலே கோப்பொன்றை அங்கே இறக்கிவிடும். அப்படி 'பிப்.பை' என்ற பெயரில் ஒன்று வந்து விழுந்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கோப்புறைக்குள் நின்றபடி, பைத்தனுக்குப் பின் சிறுகோடும் 'எம்' எழுத்தும் இட்டு பிப்பை அழைத்தால், நீங்கள் நிற்கும் கோப்புறையே பட்டியலின் தலைக்கு வந்துவிடும். ஓடுவது அந்நியர் எழுதிய பிப். சேமித்த கடவுச்சொற்கள், படங்கள், ஒப்படைகள் என்று உங்கள் கணக்கு தொடக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் தொடும்.

பெர்ல் மொழியிலும் இந்த ஆபத்து இருந்தது. நிற்கும் கோப்புறையைத் தேடல் பட்டியலிலிருந்து 2017இல் வெளிவந்த 5.26 பதிப்பில் நீக்கினார்கள்.

இணையத்திலிருந்து பொதி இறக்கும்போதும் பெயரையும் தேடும் வரிசையையும் வைத்தே ஏமாற்றுகிறார்கள். 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை, பைடோர்ச் என்ற பைத்தன் நூலகத்தின் அன்றாடப் பதிப்பை லினக்ஸில் பிப் மூலம் நிறுவியவர்களுக்கு, டோர்ச்ட்ரைடன் என்ற துணைப் பொதியின் போலி வந்து சேர்ந்தது. அசல் பைடோர்ச்சின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது. அதே பெயரில் ஒருவர் பொதுக் களஞ்சியத்தில் வேறொன்றை ஏற்றிவிட, பிப் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் போலி, வீட்டுக் கோப்புறையின் முதல் 1,000 கோப்புகளையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் வெளியே அனுப்பியது. 2019இல் பிடிபட்ட இன்னொன்று ஜெலிஃபிஷ் என்ற பொதியின் பெயரில் சிறிய 'எல்' எழுத்துக்குப் பதில் பெரிய 'ஐ' எழுத்தை வைத்திருந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

காப்பு கடினமல்ல. சந்தேகம் வந்தால் சிஸ்.பாத்தை அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே 'ஃபைல்' என்று எழுதிக் கேட்டால், ஒரு மொடியூல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கோப்புறை, ஒவ்வொரு வேலைக்கும் வென்வ் என்ற தனிச் சூழல். வென்வ் 2012இலிருந்து பைத்தனோடே வருகிறது. ஆனால் அது பொதிகளைத்தான் பிரித்துவைக்கும், நிற்கும் கோப்புறையிலுள்ள போலியைத் தடுக்காது. அதற்கு 3.11 பதிப்பிலிருந்து சிறுகோடும் பெரிய 'பி' எழுத்தும் சேர்ந்த தெரிவு இருக்கிறது. நிரல் கிடக்கும் கோப்புறையையோ நிற்கும் கோப்புறையையோ பட்டியலின் தலையில் சேர்க்க விடாது. அப்போது பக்கத்திலுள்ள உங்கள் சொந்தக் கோப்புகளையும் இம்போர்ட் செய்ய முடியாமல் போகும் என்பதை நினைவில் வையுங்கள். பைத்தன்பாத்தில் வெற்று இடம் ஒன்று இருந்தால்கூட நிற்கும் கோப்புறை உள்ளே வந்துவிடும். தேவையில்லையென்றால் அந்த மாறியையே அழித்துவிடுவது நல்லது. டவுன்லோட்ஸுக்குள் நின்று பைத்தனை ஓட்டவே வேண்டாம்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பின்னேரம் வந்து பாடசாலைக் கணினிகளில் இதைச் சரிபார்த்துக் கொடுத்தால் எவ்வளவு பெரிய உதவி!

ஏதாவது நடந்துவிட்டால் சந்தேகமான கோப்பை அழிக்க அவசரப்படாதீர்கள். அது கிடந்த இடமும் திகதியும் தெரியும்படி படம் எடுத்து, கணினியை இணையத்திலிருந்து கழற்றி, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பிறர் கணினியில் அதிகாரமின்றி நுழைவதும், அதன் இயக்கத்தைக் கெடுக்கும் நிரலைப் புகுத்துவதும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றங்கள். பிள்ளைகளின் விபரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம். முதல் ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தை அழையுங்கள். குற்றமென்று தெரிந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்: கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.